தேய்ந்த பலகையும் தெளிபூச்சும்

பழம்பொருளைப் புதுப்பித்தல் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை ஓவியமும் சிற்பமும் மாளிகையும்தாம். ஆனால் பிறந்தபோது கலைப்பொருள் என்ற மதிப்பைப் பெறாமல், பின்னாளில் அம்மதிப்பைத் தேடிக்கொண்ட பொருள்களும் உண்டு. அமெரிக்க மதுக்கடைகளின் மூலையில் நின்று, காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் காட்டிய பின்பால் பெட்டி அவற்றுள் ஒன்று. அதன் தேய்ந்த ஆடுதளத்துக்கு மறுபடி வண்ணம் தீட்டி, மேலே கண்ணாடி போன்ற தெளிபூச்சு அடித்துப் புதிதாக்கும் வேலை அந்நாட்டில் ஒரு தனிக் கைவினையாகவே வளர்ந்திருக்கிறது. அவ்வேலையை எப்போது செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும்? விளையாட்டுப் பெட்டிக்கு இவ்வளவு யோசனையா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். பழையதைக் கையில் வாங்கிப் பின்வருவோரிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்ட எவருக்கும் இக்கேள்வி உரியது என்பது நம் கருத்து.

முதலில் பொருளின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1871-இல் சின்சினாட்டி நகரத்து மாண்டேகு ரெட்கிரேவ் என்பார், பாகட்டல் என்னும் மேசை விளையாட்டில் சுருள்வில் பொருத்திய உந்துகோலைச் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். 1931-இல் டேவிட் காட்லீப் வெளியிட்ட 'பேஃபிள் பால்' இவ்விளையாட்டைப் பெருவணிகமாக்கியது. 1947-இல் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் ஆடுபவர் பொத்தானை அழுத்திப் பந்தைத் திருப்பியடிக்கும் ஃபிளிப்பர் வந்தது. அதுவரை அதிர்ஷ்டமே மேலோங்கியிருந்தது. அதன்பின் கைத்திறனுக்கு இடம் கிடைத்தது. 1942 முதல் நியூயார்க் நகரம் இதைச் சூதாட்டமெனத் தடைசெய்திருந்தது. மேயர் லகார்டியா சம்மட்டியால் பெட்டிகளை உடைக்கும் புகைப்படங்கள் பெயர்பெற்றவை. 1976-இல் ரோஜர் ஷார்ப் நகரமன்றத்தார் முன்னிலையில் ஆடி, பந்து செல்லும் வழியை முன்கூட்டியே சொல்லி அவ்வழியே அதைச் செலுத்திக் காட்டினார். தடை நீங்கியது.

இத்தொழிலின் தலைநகரம் சிகாகோ. காட்லீப், பேலி, வில்லியம்ஸ் ஆகிய மூன்று பெரும்பெயர்களும் அந்நகரைச் சார்ந்தவையே. 1992-இல் வெளிவந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 பெட்டிகள் விற்றுச் சாதனை படைத்தது. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்ட வீடியோ விளையாட்டுகளுக்கு முன் இத்தொழில் நிற்கவில்லை. 1999-இல் வில்லியம்ஸ் தன் பின்பால் பிரிவை மூடிவிட்டது. இன்றும் புதிய பெட்டிகளைச் செய்வோர் உளர். எனினும் அந்தப் பழைய ஆலைகளில் அச்சான பலகைகளின் எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை. குறைய மட்டுமே கூடும். எனவே, எஞ்சிய ஒவ்வொன்றின் மீதும் நாம் செய்யும் வேலை பொறுப்புக்குரியதாகிறது.

ஆடுதளம் என்பது அரை அங்குலத்துக்குச் சற்று மிகுந்த தடிப்புள்ள, மேப்பிள் மரத்தால் முகப்பிட்ட பிளைவுட் பலகை. விளக்கொளி ஊடுருவுவதற்காக அதில் துளையிட்டு வண்ண பிளாஸ்டிக் வில்லைகளைப் பதித்திருப்பார்கள். மேலே பட்டுத்திரை அச்சு முறையில், ஒரு நிறத்துக்கு ஒரு திரையாக வண்ணங்களை இறக்கி, உருவங்களின் கறுப்புக் கோடுகளை இறுதியில் அச்சிடுவார்கள். அதன்மேல் பழங்காலத்தில் லேக்கர் பூச்சு. 1990களின் தொடக்கத்தில் வில்லியம்ஸ் நிறுவனம் 'டைமண்ட் பிளேட்' என்ற பெயரில் கடினமான யூரிதேன் பூச்சுக்கு மாறியது. இந்த மெல்லிய படலத்தின் மீதுதான் எண்பது கிராம் எடையுள்ள எஃகுப் பந்து ஆண்டுக்கணக்கில் உருண்டும் துள்ளியும் ஓடுகிறது.

தேய்மானம் ஓர் ஒழுங்கோடுதான் நிகழ்கிறது. ரப்பர்த் தூசும் உலோகப் பொடியும் பழைய மெழுகும் கலந்த கரி, பந்து சுழலுமிடங்களில் வட்டம் வட்டமாகப் படிகிறது. அக்கரியே உப்புத்தாளாக வேலை செய்து லேக்கரை அரிக்கிறது. பிறகு வண்ணம் போகிறது. கடைசியில் மரம் வெளிப்படுகிறது. ஃபிளிப்பர்களின் முன்னால், பம்பர்களைச் சுற்றி, பந்து குழியிலிருந்து எகிறி விழும் வாயில் ஆகிய இடங்கள் முதலில் போகும். மரம் சுருங்கி விரிவதால் பழைய பலகைகளில் நார் வாக்கில் நெடுங்கீறல்கள் ஓடும். வில்லைகள் பசை விட்டு மேலெழும். இல்லையேல் நடுவில் குழிந்து பந்தின் வழியைத் திருப்பும். வெளிப்பட்ட மரம் ஈரத்தையும் அழுக்கையும் உறிஞ்சிக் கறுத்துவிட்டால், அதை மீட்பது அரிது.

புதுப்பிப்பவர் செய்வதும் படிப்படியான வேலையே. ஒவ்வோர் உறுப்பும் இருந்த இடத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, கம்பங்கள், தகடுகள், சரிவுப் பாதைகள் அனைத்தையும் கழற்றுகிறார். நாஃப்தாவாலும், ஆல்கஹாலில் நனைத்த மெலமின் பஞ்சாலும் கரியை எடுக்கிறார். பஞ்சு மென்மையாகத் தோன்றினாலும் பூச்சையும் சிறிது சுரண்டிவிடும். கை சற்று அழுந்தினால் வண்ணமும் வந்துவிடும். வில்லைகளை எபாக்சியால் மீண்டும் ஒட்டிச் சமன் செய்கிறார். இழந்த வண்ணத்தை அக்ரிலிக்கால் நிரப்பி, கறுப்புக் கோடுகளைத் திரும்ப இழுக்கிறார். அதன்பின் கார்களுக்கு அடிக்கும் இருகலவை யூரிதேனைப் பல பூச்சுகளாக அடித்து, இடையிடையே உப்புத்தாளால் தேய்த்து, சில வாரங்கள் இறுக விட்டு, இறுதியில் மெருகேற்றுகிறார். இறுகும் முன் அவசரப்பட்டு உறுப்புகளைப் பூட்டினால், கம்பங்களின் அடியில் பூச்சு அமுங்கி விரியும். அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை வருவிக்கவல்லது. தூய காற்றுக் குழாயுடன் கூடிய சுவாசக் கவசமின்றி வீட்டுக் கொட்டகையில் அதை அடிப்பது, பலகைக்காக உயிரைப் பணயம் வைப்பதே.

இந்தக் கடைசிப் படியில்தான் நம் வாதம் நிற்கிறது. பழைய லேக்கர் கரைப்பானில் மீண்டும் கரையக்கூடியது. இருகலவை யூரிதேனோ வேதிவினையால் இறுகுவது. இறுகியபின் அதைக் கரைத்து மீள முடியாது. அதன் கீழே அகப்பட்டது எதுவாயினும் என்றைக்கும் அங்கேயே இருக்கும்: நல்ல ஓவியம் மட்டுமன்று, எடுக்க மறந்த கரியும், தவறாகக் கலந்த சிவப்பும், கற்பனையாக வரைந்த முகமும்கூட. ஆகவே தெளிபூச்சு ஒரு பாதுகாப்பு என்பது பாதி உண்மை; அது ஒரு தீர்ப்பும் ஆகும். மேல்முறையீடு இல்லாத தீர்ப்பை எழுதுபவர் அதற்கு முந்தைய விசாரணையை நேர்மையாக நடத்தியிருக்க வேண்டும்.

இவ்விசாரணைக்கான சான்று பலகையிலேயே இருக்கிறது. கம்பங்களின் அடியிலும் பிளாஸ்டிக் தகடுகளின் நிழலிலும் பந்தும் வெளிச்சமும் படாத இடங்களில் மூலநிறம் பிழைத்திருக்கும். மஞ்சளித்த லேக்கரின் வழியே வெள்ளை பாலேடாகவும் நீலம் பச்சையாகவும் தோன்றும். அந்நிழலிடத்தைப் பாராது நிறம் கலப்பவர், மூலத்தை விட்டுவிட்டு முதுமையைப் படியெடுக்கிறார். இன்னொரு புறம், அச்சாலையில் திரைகள் மயிரிழை விலகியதால் நிறம் கோட்டைத் தாண்டி நிற்பதுண்டு. சிலர் அதைப் 'பிழை'யெனத் திருத்தி, கணினியில் வரைந்தாற்போல் ஆக்கிவிடுகின்றனர். அது திருத்தமன்று, அச்சுத் தொழிலாளியின் கைத்தடத்தை அழிப்பது. காட்லீப் பலகைகளுக்குப் பல்லாண்டுகள் ஓவியம் தீட்டிய ராய் பார்க்கர், ஆடம்ஸ் ஃபேமிலியின் ஓவியர் ஜான் யூசி போன்றோரின் கோடுகளுக்கு மேல் நம் கோட்டை இழுக்கும்போது, யாருடைய கோடு யாருடையது என்று அறியத்தக்க பதிவு வேண்டும்.

சுவடிப் பதிப்பு கற்றவர்க்கு இந்நெறி புதிதன்று. சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரை மதிக்கிறோம். தாமே சொல் எழுதி இட்டு, மூலத்தோடு கலந்துவிடுபவரை மதிப்பதில்லை. கட்டடப் பாதுகாப்பு பற்றிய 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்குமிடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்றும், புதிதாகச் சேர்த்தது மூலத்தோடு இயைந்தும் அதனின்று பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

அப்படியானால் தொடவே கூடாது என்று சொல்கிறோமா? இல்லை. தேய்மானமே வரலாறு, அதை விட்டுவிடுங்கள் என்போருடன் நாம் முழுமையாக உடன்படவில்லை. சுவரில் மாட்டிய ஓவியம் பார்க்கப்படுவதால் தேய்வதில்லை. பின்பால் பெட்டியோ ஆடப்படுவதாலேயே பின்பால். கலிஃபோர்னியாவின் அலமீடாவில் அமைந்த பசிபிக் பின்பால் அருங்காட்சியகம், பார்வையாளர் தம் கையால் ஆடுவதற்கென்றே பெட்டிகளை வைத்தது. ஆடாத பெட்டி பாதி மௌனமான நூல். மரம் வெளிப்பட்ட பலகையில் ஒவ்வோர் ஆட்டமும் மேலும் சிறிது ஓவியத்தை உரித்துச் செல்லும். அந்நிலையில் பூச்சை மறுப்பது, வரலாற்றைக் காப்பதன்று. எஞ்சிய வரலாறும் போகட்டும் என்பதே.

ஆனால் எதிர்த்தரப்பின் கண்ணாடி மோகத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. லேக்கர் இன்னும் பிழைத்திருக்கும் பலகைக்கும், விலை கூடும் என்பதற்காகத் தடித்த பூச்சு அடிக்கிறார்கள். விளைவு கண்ணுக்கு இனிது, கைக்கு வேறு. வழுவழுப்பான பரப்பில் பந்து விரைந்தோடுகிறது; சுழற்சியின் பிடி மாறுகிறது. லேக்கரின் மீது ஓடும் பந்தைக் கணக்கிட்டு வடிவமைப்பாளர் அமைத்த இலக்குகளும் கோணங்களும் இப்போது வேறு தாளத்தில் ஒலிக்கின்றன. செய்யுளின் சீர்களை மாற்றாமல் ஓசையை மட்டும் மாற்றினாற்போன்றது இது. அத்தகைய பலகைக்கு வேண்டியவை நல்ல துப்புரவும், கார்னோபா மெழுகும், கீறல் விழுந்த பந்தை மாற்றுவதும்தான். மேலே விரிக்கும் மெல்லிய ஒளிபுகு தகடும் உண்டு. அது பந்தின் ஓட்டத்தைச் சற்று மாற்றினாலும், வேண்டாதபோது எடுத்துவிடலாம். மீளக்கூடிய வழி இருக்கும்வரை மீளாத வழியை நாடக் கூடாது.

புதிதாக அச்சிட்ட நகல் பலகையைப் பொருத்திக்கொள்வது மற்றொரு வழி. அதில் இழுக்கு ஒன்றுமில்லை, ஒரு நிபந்தனையோடு: கழற்றிய மூலப் பலகையைக் குப்பையில் எறியாமல் பெட்டியோடு வைத்திருக்க வேண்டும், விற்கும்போது நகல் என்பதைச் சொல்ல வேண்டும்.

எனவே நாம் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது. மரம் தெரியும் பலகைக்குப் பூச்சு அடிக்கலாம்; தெரியாததற்கு வேண்டாம். கையாலான சிறு ஒட்டுத்தீட்டல்கள் இழந்த இடத்துக்குள் மட்டுமே அடங்கட்டும். பிழைத்த ஓவியத்தின் மேல் ஏறக் கூடாது. சான்றில்லாத உருவத்தைப் புனைவதைவிடப் பின்னணி நிறத்தோடு நிறுத்துவது மேல். வேலைக்கு முன்னும், வண்ணம் தீட்டியபின் பூச்சுக்கு முன்னும் எடுத்த படங்களை அச்சிட்டு, எந்தப் பொருள் எங்கே பயன்பட்டது என்ற குறிப்புடன் ஓர் உறையிலிட்டுப் பெட்டியின் உட்புறம் வைத்துவிடுங்கள். இன்னும் முப்பது ஆண்டு கழித்து இதே பலகையைத் திறக்கப்போகும் ஒருவர், எது 1960களின் அச்சு, எது நம் தூரிகை என்று கேட்பார். பூச்சின் வழியே பார்த்து அவரால் அதை அறிய முடியாது. அந்த உறையைப் பிரித்தால் அறியலாம்.