ஓட்டத்துக்கு நடுவே உள்ள ஓய்வு

ஒரு மைல் தூரத்தை 4 நிமிஷத்துக்குள் ஓடிவிட வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டிருந்த ராஜர் பானிஸ்டர் என்ற ஆங்கிலேய வைத்திய மாணவர், 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 440 கஜ ஓட்டத்தை 10 முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 நிமிஷ ஓய்வோடு ஓடிப் பழகிவந்தார். சுற்றுக்கு 61 விநாடி என்ற அளவை எட்டியபின் எவ்வளவு பிரயாசைப்பட்டும் அது குறையாது போகவே, அவர் ஓட்டத்தையே விட்டுவிட்டு, நண்பரோடு சில நாள் ஸ்காட்லாந்தில் மலையேறப் போனார். (பாறையில் தொற்றி ஏறுவதும் ஓர் ஓய்வா என்று கேட்பவரோடு நான் வாதாட மாட்டேன்.) திரும்பி வந்தவர் அதே சுற்றுகளை 59 விநாடியில் ஓடினார், மே 6-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் 3 நிமிஷம் 59.4 விநாடியில் மைலையும் கடந்தார்.

இது நாட்கணக்கான ஓய்வு; ஓட்டங்களுக்கு நடுவே விடும் நிமிஷக்கணக்கான ஓய்வுக்கும் காரணம் உண்டு. முழு வேகத்தில் சில விநாடிகள் ஓடுகிறவனுடைய தசைகள், சுவாசத்தால் வரும் பிராணவாயுவுக்காகக் காத்திராமல், தம்மிடம் சேமித்துள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் ரசாயனப் பொருளையே பெரும்பாலும் செலவிடுகின்றன. செலவான பொருளில் ஏறக்குறையப் பாதி ஒரு நிமிஷத்துக்குள் மீண்டுவிடுகிறதாயினும், முழுதும் நிறைவதற்கு 3 முதல் 5 நிமிஷம் வரை வேண்டியிருக்கிறது. அந்த மீட்சிக்குப் பிராணவாயு அவசியமாதலால், நெடுந்தூர ஓட்டத்தால் மூச்சு பலப்பட்டவன் குறுகிய ஓய்விலும் பிறரினும் விரைவாகத் தேறிவிடுகிறான். 30 விநாடியே ஓய்வு கொடுத்து, 6 விநாடி வீதம் 10 முறை சைக்கிளை முழுப் பலத்தோடு மிதிக்கச் செய்த ஓர் ஆராய்ச்சியில் (1993-இல் வெளிவந்தது), கடைசி முறை வெளிப்பட்ட சராசரி சக்தி முதல் முறையைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

இவ்வளவு தெரிந்த பின்னும், மூச்சு அடங்குமுன் அடுத்த ஓட்டத்துக்கு விசில் ஊதுவதே வைராக்கியத்தை வளர்க்கும் உபாயம் என்று கருதும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நூறு மீட்டர் பந்தயத்துக்குத் தயாராகும் ஒரு சிறுவனை அவ்விதம் எட்டுத் தடவை விரட்டினால், முதல் இரண்டு ஓட்டங்களில் அவன் வேகத்தைப் பழகுகிறான். மற்றவற்றில் மெதுவாக ஓடுவதைத்தான் பழகுகிறான். கபடியும் கால்பந்தும் வேறு வகை. 30 விநாடிக்குள் பாடி முடித்துத் திரும்புகிற வீரன் முழுதும் தேறுமுன்பே பிடிக்கவோ மறுபடி பாடவோ நேரிடுமாதலால், குறைந்த ஓய்வில் ஓடும் அப்பியாசம் அவனுக்கு நியாயமானதே. ஆகவே ஓய்வைக் குறைப்பதன்று என் ஆட்சேபம். எதற்காகக் குறைக்கிறோம் என்ற சிந்தையின்றிக் குறைப்பதே.

செலவில்லாத ஒரு சீர்திருத்தத்தைச் சொல்லலாம். பயிற்சியாளர், ஓடிய நேரத்தைக் குறிக்கும் நோட்டுப் புத்தகத்தில், அதற்கு முன் கொடுத்த ஓய்வின் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதி வரட்டும். வேகத்துக்கென வகுத்த நாளில் ஓட்ட நேரம் தெளிவாக நீளத் தொடங்கினால், மிச்சமுள்ள ஓட்டங்களை ரத்துசெய்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடட்டும்.