சங்கீத ஒலிபரப்பும் கணிப்பொறியின் ஒலிவழியும்

தாமிரபரணிக் கரையில் விளங்கும் கல்லிடைக்குறிச்சி, அப்பளத்தால் மட்டுமன்றிச் சங்கீதத்தாலும் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் வராகப் பெருமாள்மீது முத்துசுவாமி தீட்சிதர் ஆபோகி இராகத்திற் கீர்த்தனம் இயற்றியுள்ளார். அவ்வூரினராகிய சுந்தரமையர் தீட்சிதர் கீர்த்தனங்களைச் சுரக்குறிப்போடு அச்சிட்டு வெளியிட்டார். சுரக்குறிப்பு நூலில் ஓர் எழுத்துப் பிழைபடின், அந்நூலைக் கண்டு பயில்வோர் யாவரும் பிழையாகவே பாடுவர். ஆதலின் அச்சுப்பிழை திருத்துதலும் சங்கீதத் தொண்டேயாகும்.

இக்காலத்தில் பாட்டை ஊர் கடத்துவது அச்சு மாத்திரமன்று. 2020-ஆம் ஆண்டு மார்கழியில், கொள்ளைநோய் காரணமாகச் சென்னை மியூசிக் அகாடமியே தன் கச்சேரிகளை இணையவழியாக நடத்தியது. இன்று சிற்றூர்க் கோயிலும் தேவாலயமும் தத்தம் பாட்டைக் கடல் கடந்து வாழ்வோர்க்கு உடனுக்குடன் அனுப்புகின்றன. எனினும், "பாட்டு நன்று, ஒலி நன்றன்று" என்னும் குறை ஓய்ந்தபாடில்லை. பலர் இணையத்தின்மேற் பழி சுமத்துவர். குற்றம் பெரும்பாலும் கணிப்பொறிக்குள்ளேயே இருக்கிறதென்பது நம் கருத்து.

அஃது எங்ஙனமெனின், விண்டோஸ் கணிப்பொறியில் ஒலி செல்லும் டிரைவர்கள் பல வகைப்படும். சாதாரண வகை, பல செயலிகளின் ஒலியையும் ஒருங்கே கலந்து தரும். ஆனால் தாமதம் மிகுதி. ஸ்டைன்பர்க் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ஏசியோ என்னும் வகை, அக்கலவையைக் கடந்து நேரே கருவியை அடையும். வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்குமிடத்து, 256 மாதிரிகள் கொள்ளும் தேக்கத்தில் உண்டாகும் தாமதம் வினாடியில் ஆயிரத்தில் ஐந்து கூறளவே. பாடுவோர் தம் குரலைக் காதுக்கருவியிற் கேட்டுக்கொண்டே பாடுதற்கு இதுவே ஏற்றது. ஆயினும் இது பெரும்பாலும் கருவியை ஒரே செயலிக்கு உரிமையாக்கிவிடும். ஒலிபரப்புக்குரிய ஓபிஎஸ் செயலியோ, நெடுங்காலம் தானாக ஏசியோவை ஏற்றதில்லை.

கன்னடியன் கால்வாயின் நீரும் மடை திறந்தாலன்றி வயலிற் பாயாது. அம்மடையை ஒப்பது வாய்ஸ்மீட்டர் போன்ற மென்பொருட் கலவைக்கருவி. அஃது ஒருபுறம் ஏசியோவை ஏற்று, மறுபுறம் சாதாரண வகையாக ஓபிஎஸ்ஸுக்கு அளிக்கும்.

மடை அமைத்தால் மட்டும் போதாது. அளவும் ஒத்திருத்தல் வேண்டும். வினாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவான ஒலியை, மாற்றஞ் செய்யாது 48,000 வீதத்தில் ஒலிக்கவிடின், ஒரு கட்டையிற் பாடியது ஏறக்குறைய ஒன்றேமுக்காற் கட்டையிற் கேட்கும், காலப்பிரமாணமும் விரையும். உரையாடலுக்கென அமைந்த செயலிகளின் இரைச்சல் நீக்கியோ, இடையறாது ஒலிக்கும் தம்பூராவையே இரைச்சலெனக் கருதி அகற்றிவிடும். நம் நாட்டுச் சாம்பவர்வடகரையிற் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், சுருதியின் நுட்பத்தை ஆராய்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல் வெளியிட்டார். அத்தகைய நாட்டில் சுருதியை ஒரு பொத்தானுக்குப் பலியிடல் தகுமோ?

"கைப்பேசி ஒன்றே போதாதோ? இத்துணைத் தொல்லை எதற்கு?" என்பாருமுளர். ஒருவர் தனித்துப் பாடுமிடத்து அது போதுமாகலாம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்பூரா ஆகிய நான்கும் தம்முள் அளவொத்துக் கேட்க வேண்டுமாயின், ஒவ்வொன்றிற்கும் ஒலிவாங்கியும், அவற்றைச் சேர்க்கும் வழியறிந்த ஒருவரும் இன்றியமையாதவர். விலையுயர்ந்த கருவி வாங்கியும் இவ்வழியறியாதார் அடைவது ஏமாற்றமே.

ஆகவே, நம் கல்லூரியிற் பௌதிகமும் கணிப்பொறியியலும் பயிலும் மாணவர், இசை பயிலும் மாணவரோடு கூடி இவ்வித்தையைக் கற்றல் வேண்டும். ஒலி ஒரு வினாடியில் எத்தனை கூறாகிறதென்பதை ஒருவர் அறிவார். தம்பூரா குன்றியதை மற்றவர் செவி அறியும். இருவரும் கூடினாலன்றி வேலை செம்மையுறாது. விடுமுறையில் ஊர் திரும்பும் நம் மாணவர், தத்தம் ஊர்ப் பாடகர் குழுவிற்கும் பஜனைக் கோஷ்டிக்கும் இத்தொண்டைச் செய்யலாம். பழைய மாணவர் தம்மிடமுள்ள கருவிகளை உதவலாம்.

கல்லிடைக்குறிச்சியில் முதியவர் ஒருவர் பாடும் பாடம் அவரோடு மறையாதிருக்க வேண்டுமாயின், அது பிழையின்றி வெளிச்செல்லுதல் வேண்டும். ஒலிவழியைத் திருத்துவோரும், அன்று அச்சுத்தாளைத் திருத்தியோரைப் போல, சங்கீதத்திற்குத் தொண்டு புரிவோரே என்பது நம் துணிபு.