டெமோவுக்கு எதற்கு ஒளிவட்டம்?

டெமோ ரசிகர்களோடு எனக்கு ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அந்தப் பழைய பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிற ஆள்தான். ஆனால் கேட்டு முடித்தவுடன் அவர்கள் ஒரு வாக்கியம் சொல்வார்கள் பாருங்கள். “சார், இதுதான் நிஜமான பேண்ட். ஆல்பத்துல பாலிஷ் போட்டுக் கெடுத்துட்டாங்க.” இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எந்த பேண்டை எடுத்தாலும் இதே வாக்கியம்தான். டெமோ என்றால் பச்சையானது, உண்மையானது. ஸ்டூடியோ ஆல்பம் என்றால் சமைத்தது, வியாபாரம், பொய். பாட்டைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இதை மறுக்க ஒரே ஒரு பேண்டின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம், டெமோ பக்தர்கள் அதிகம் கொண்டாடுகிற கதைகளில் அதுவும் ஒன்று. அவர்கள் வாதத்தை அடியோடு கவிழ்க்கிற கதையும் அதுவேதான்.

குவீன். 1971. பிரெடி மெர்க்குரிக்கு 25 வயது. பிரையன் மே லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியல் ஆராய்ச்சி மாணவர். ஜான் டீக்கன் அந்த வருடம்தான் வந்து சேர்ந்த பேஸ் கிதார்காரர். டிரம்ஸில் ரோஜர் டெய்லர். ஒப்பந்தம் கிடையாது, கையில் காசும் கிடையாது. அந்தச் சமயத்தில் டி லேன் லீ என்கிற ஒலிப்பதிவுக்கூடம் வெம்பிளியில் புதுக் கட்டடத்துக்குக் குடிபோயிருந்தது. புதுக் கருவிகளைச் சோதிக்க வேண்டும். ஒரு அறைச் சத்தம் அடுத்த அறைக்குக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நன்றாகச் சத்தம் போடுகிற ஆட்கள் யாராவது தேவை. குவீன் போனார்கள். கூலியாக அவர்களுக்குக் கிடைத்தது, இலவசமாகப் பதிவு செய்துகொள்ளும் வசதி. லூயி ஆஸ்டின் என்ற ஒலிப்பதிவாளர் கூட இருந்தார். அப்படி வந்தவை ஐந்து பாட்டுகள்: ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’, ‘தி நைட் கம்ஸ் டவுன்’, ‘கிரேட் கிங் ராட்’, ‘ஜீசஸ்’, ‘லையர்’.

இப்போது இந்த ஐந்தையும் ‘பச்சையான ஒலி’ என்கிறார்கள். எது பச்சை? நாலு பேர் ஒரு கார் ஷெட்டில் ஒற்றை மைக்கை நடுவில் வைத்து வாசித்ததா இது? புத்தம்புதிய தொழில்முறைக் கூடம். நல்ல மைக்குகள், பல தடங்கள் கொண்ட டேப் இயந்திரம், பக்கத்தில் பொறுமையான ஒலிப்பதிவாளர். கிதார்மேல் கிதாராக, குரல்மேல் குரலாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பின்னணிக் குரலும் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்று யோசித்து வைத்தது. இதில் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாளிலிருந்தே இவர்கள் அலங்காரக்காரர்கள். அலங்காரம் இல்லாத குவீன் என்று ஒன்று எந்த டேப்பிலும் இல்லை.

அப்படியென்றால் ஆல்பம்? அங்கேதான் வேடிக்கை. புதுக் கூடத்தைப் பார்க்க வந்த ஜான் அந்தோணியும் ராய் தாமஸ் பேக்கரும் அங்கே இந்த இளைஞர்கள் வாசிப்பதைக் கேட்டார்கள். அந்த வழியில் டிரைடென்ட் நிறுவனத்தின் தொடர்பு வந்தது. டிரைடென்ட் ஸ்டூடியோ லண்டன் சோஹோவில் இருந்தது. டேவிட் போவி, எல்டன் ஜான் மாதிரி ஆட்கள் பதிவு செய்கிற இடம். குவீனுக்கு அங்கே கிடைத்தது என்ன? காசு கொடுத்தவர்கள் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு மிஞ்சிய நேரம். பெரும்பாலும் நள்ளிரவு, விடியற்காலை. நம் ஊர்க் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவனுக்கு இலையில் என்ன விழும்? அது. போதாததற்கு டிரைடென்டின் டிரம்ஸ் அறை ஒலியை விழுங்கிவிடுகிற அறை. அடித்தால் ‘தொப்’ என்று செத்துவிழும். அந்தக் காலத்தில் அது நாகரிகமான ஒலி. ரோஜர் டெய்லருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அவருக்கு அறை முழுக்க முழங்குகிற டிரம்ஸ் வேண்டும். பிரையன் மேயும் அதே கட்சி.

ஆக நடந்தது என்ன என்று கூட்டிப் பாருங்கள். டெமோ செய்தபோது நல்ல அறை, நிதானம், நெருக்குகிறவர் யாருமில்லை. ஆல்பம் செய்தபோது தூக்கமில்லாத இரவுகள், பிடிக்காத அறை, மிச்ச நேரம். வறுமையும் அவசரமும்தான் நிஜம் என்றால், ஐயா, 1973 ஜூலை 13 அன்று வெளிவந்த அந்த ஆல்பம் அல்லவா உங்களுக்கு நிஜம்? சொகுசில் பிறந்த டெமோவை ஏழை என்றும், அல்லாடிப் பிறந்த ஆல்பத்தைப் பணக்காரன் என்றும் சொல்கிறீர்களே, எந்தக் காதால் கேட்டுவிட்டுச் சொல்கிறீர்கள்?

இதைவிட ஒரு சங்கதி உண்டு. ‘தி நைட் கம்ஸ் டவுன்’ பாட்டை டிரைடென்டில் திரும்பப் பதிவு செய்தார்கள். பேண்டுக்குத் திருப்தி இல்லை. டி லேன் லீயில் செய்ததையே போடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார்கள். போட்டார்கள். 1973 ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டாக இருப்பது ஒரு டெமோ! அம்பது வருடமாக எல்லோரும் அதை ‘பாலிஷ் போட்ட’ ஆல்பத்தின் ஒரு பாட்டாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முன்னதாகவே தெரியாமல் இதை யாரும் காதால் மட்டும் கண்டுபிடிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. இந்தச் செய்தியைச் சொன்னதும் என் நண்பர் ஒருவர், “ஆமாமா, அந்தப் பாட்டு மட்டும் எப்பவுமே தனியாத் தெரியும்” என்றார். அவரோடு இருபது வருடப் பழக்கம். அது தனியாகத் தெரிவதாக அவர் அதற்கு முன் ஒருமுறை கூடச் சொன்னதில்லை.

கரகரப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் இந்த ஐந்து டெமோக்களும் முதல் ஆல்பத்தின் மறுவெளியீட்டோடு அதிகாரபூர்வமாக வந்தன. மூலம், பிரையன் மே பாதுகாத்து வைத்திருந்த அசிடேட் தட்டு. அசிடேட் என்பது அவசரத்துக்கு வெட்டிக் கொடுக்கும் அரக்குப் பூச்சுத் தட்டு. ஊசி ஓட ஓடத் தேயும். அதில் இருக்கிற கரகரப்பு 1971இன் இசை அல்ல. போட்டுப் போட்டுக் கேட்டதன் தேய்மானம். அந்தத் தேய்மானத்தைத்தான் நம் ஆட்கள் ‘அந்தக் காலத்து நேர்மை’ என்று உருகுகிறார்கள். பழைய போட்டோவில் பூஞ்சை பிடித்திருந்தால் தாத்தா முகத்தில் ஞானக்களை என்று சொல்வதைப் போல.

சரி, எதிர்க்கட்சியையும் விட்டுவிடக் கூடாது. டெமோ கேட்பதே குப்பைத்தொட்டியைக் கிளறுகிற வேலை, கலைஞன் எதைக் கையொப்பமிட்டுக் கொடுத்தானோ அதை மட்டும் கேள் என்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்களோடு அதிகம் பேச ஒன்றுமில்லை. பாடபேதம் பார்க்கத் தெரியாதவர்கள் மூலபாடத்தையும் ஒழுங்காகப் படித்திருக்க மாட்டார்கள்.

டெமோவைக் கேட்க வேண்டும். ஏன் கேட்க வேண்டும் என்பதில்தான் என் சண்டை. ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் அது மின்கிதாரின் வெட்டு வெட்டான தாளத்தோடு தொடங்கும். கிதார்மேல் ஃபேசிங் என்கிற சுழல் ஒலியைப் பூசியிருப்பார்கள், ஜெட் விமானம் தலைக்குமேல் போவதுபோல. டெமோவில் அதே தொடக்கம் ஒரு அகூஸ்டிக் கிதாரில் வருகிறது. ஹால்ஃப்ரெட் என்கிற மலிவுக் கிதார், நண்பர் ஒருவரிடமிருந்து பிரையன் மேக்கு வந்தது. அதன் தந்தியில் ஒரு ரீங்காரம் உண்டு; தம்பூராவின் ஜீவாவை நினைவுபடுத்துகிற ரீங்காரம். ‘தி நைட் கம்ஸ் டவுன்’ முழுக்க அதை நீங்கள் கேட்கலாம். ஒரே ஆள், ஒரே தாளம், ஆனால் பாட்டுக்குள் நுழைகிற வாசல் வேறு. முதலில் மரத்தின் சத்தம். பிறகு இயந்திரத்தின் சத்தம். ஏன் மாற்றினார்கள்? எங்கே ஆதாயம், எங்கே நஷ்டம்? இதைக் கேட்டுக் கேட்டு யோசிப்பதுதான் டெமோ தருகிற சந்தோஷம்.

‘லையர்’ டெமோவில் கிட்டத்தட்ட எட்டு நிமிடம். ஆல்பத்தில் ஆறரைக்குள். ‘ஜீசஸ்’ பாட்டிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் வெட்டு விழுந்திருக்கிறது. ‘லையரி’ல் வெட்டியது சரி, என் தீர்ப்பு அது. டெமோவில் நடுப்பகுதி தன்னைத்தானே ரசித்துக்கொண்டு நிற்கும். ‘ஜீசஸி’ல் வெட்டியது எனக்கு வருத்தம்தான், கிதார் கட்டுமீறிப் போகிற இடம் போய்விட்டது. ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ விஷயத்தில் டெமோவே மேல் என்று பிரையன் மே பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். அந்தப் பாட்டை டிரைடென்டில் திரும்பத் திரும்பக் கலந்து பார்த்தார்கள், எதுவும் அமையவில்லை. கடைசியில் மைக் ஸ்டோன் என்ற இளம் ஒலிப்பதிவாளர் செய்த கலவையை ஏற்றுக்கொண்டார்கள். தனிப்பாட்டாக வந்தபோது பிரிட்டிஷ் தரவரிசையில் இடமே கிடைக்கவில்லை. பிரையன் மே சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு பாட்டைப் பற்றிய தீர்ப்பு. டெமோ என்கிற சாதியைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

‘மை ஃபேரி கிங்’ அந்த ஐந்தில் இல்லை, கவனித்தீர்களா? டிரைடென்டில் இருந்தபோது பிரெடி பியானோவில் உட்கார்ந்து உருவாக்கியது. குரல்களைக் கோபுரம்போல அடுக்குகிற பைத்தியம் அங்கே முற்றியது. அந்த வழியில் நாலு எட்டு நடந்தால் 1975இன் ‘போஹிமியன் ராப்சடி’. அதைத் தயாரித்தவர் யார்? முதல் ஆல்பத்தைக் கெடுத்துவிட்டார் என்று நம் ஆட்கள் திட்டுகிற அதே ராய் தாமஸ் பேக்கர். ஸ்டூடியோ கெடுத்தது என்றால், இதையும் அந்த ஸ்டூடியோதான் ‘கெடுத்தது’.

இதெல்லாம் ரசிகர்களுக்குள் நடக்கிற வெட்டிச் சண்டை, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் 2024 அக்டோபரில் வந்தது. அந்த முதல் ஆல்பத்தைப் பிரித்துப் புதிதாகக் கலந்து, டிரம்ஸ் ஒலியை மாற்றி, ஆறு சிடிகளோடு ஒரு பெட்டியாக வெளியிட்டார்கள். பேக்கருக்கும் பேண்டுக்கும் வந்த தகராறில் 1973இல் விடுபட்ட ‘மேட் தி ஸ்வைன்’ பாட்டை அதன் இடத்தில் திரும்பச் சேர்த்தார்கள். டெமோக்களையும் புதிதாகக் கலந்து கொடுத்தார்கள். பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். ‘குவீன்’ என்று வந்த ஆல்பம் இப்போது ‘குவீன் ஒன்று’. இதுதான் நாங்கள் அன்றே விரும்பிய ஒலி என்பது அவர்கள் தரப்பு.

இந்த வாதத்துக்கு வழி வெட்டிக் கொடுத்தவர்கள் நாம்தான். ஆல்பம் பொய், டெமோவில் ஒளிந்திருப்பதே உண்மை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறோம். பிறகு ஒருவர் வந்து ‘பொய்யைத் திருத்திவிட்டேன்’ என்றால் எந்த வாயால் மறுப்பது? பிரெடி 1991இல் போய்விட்டார். ஜான் டீக்கன் ஒதுங்கிப்போய்ப் பல காலம். நால்வரில் இருவர், ஐம்பது வருடம் கழித்து, எழுபதைத் தாண்டிய காதுகளோடு, தாங்கள் இருபதுகளில் என்ன நினைத்தோம் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். புதுக் கலவை பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது, டிரம்ஸ் முழங்குகிறது, கேட்க ஆனந்தம்தான். அதைப் புது வேலை என்று சொல்லிக் கொடுத்தால் கைதட்டி வாங்கிக்கொள்வேன். பழையதன் இடத்தில் உட்கார வைக்கிறபோதுதான் இடிக்கிறது. தொப்பென்று விழுகிற அந்த டிரம்ஸ் ஒரு தவறு மட்டும் அல்ல, ஒரு தகவல். ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட நாலு பேருக்கு, மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, என்ன மாதிரி அறை கிடைத்தது என்கிற தகவல். அதைத் துடைத்துவிட்டால் அவர்கள் அடுத்த ஆல்பத்தில் அறையை எப்படித் தங்கள் பக்கம் இழுத்தார்கள் என்பதும் புரியாமல் போகும்.

ஒன்று செய்யுங்கள். ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ மூன்று வடிவங்களையும் வருட வரிசையில் கேளுங்கள்: 1971 டெமோ, 1973 ஆல்பம், 2024 கலவை. எது நிஜம் என்கிற கேள்வியை ஒருமணி நேரம் ஒதுக்கி வையுங்கள். பிறகு ‘தி நைட் கம்ஸ் டவுன்’ போடுங்கள். 2024 பெட்டி வருவதற்கு முன்னால், புது ஒலிக்கு முகமாக அவர்கள் முதலில் வெளியிட்ட பாட்டு அதுதான். டிரைடென்டின் செத்த டிரம்ஸைத் திருத்தியதற்குச் சாட்சியாக, டிரைடென்டில் பதிவாகாத பாட்டு!