வளையலும் சக்கரமும்

வளையல் கடைக்குப் போனால் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? நிறத்தைத்தான். அளவு என்ற விஷயம் வீட்டுக்கு வந்து கையில் மாட்டும்போதுதான் ஞாபகம் வருகிறது. இது பெண்களுக்கே உரிய வியாதி என்று புருஷர்கள் கேலி செய்வதுண்டு. அவர்கள் காருக்குச் சக்கரம் வாங்குகிற அழகைப் பார்த்தவள் நான்; ஆகவே இனி அந்தப் பேச்சை ஒப்புக்கொள்ள மாட்டேன்!

இங்கிலாந்தில் சில மாதம் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். அவரிடம் இரண்டே பேர் உட்காரும் சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. ஹிரோஷிமாவில் செய்த மாஜ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய ரகம்; இவருடையது 1990-ம் வருஷத்து வண்டி. அந்த ஊரில் குளிர்காலத்தில் சாலை உறைந்துவிடாமல் இருக்க உப்புத் தூவுவார்கள். முப்பது வருஷம் உப்பைத் தின்ற அலுமினியச் சக்கரங்கள் பொரிந்துபோய், டயர் பொருந்தும் விளிம்பில் காற்று கசிந்தது. காற்றடித்து அலுத்துப்போன மனிதர், பளபளவென்று நான்கு புதுச் சக்கரங்களை வாங்கி வந்துவிட்டார்.

"அளவு பார்த்தீர்களா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"பார்க்காமலா! நான்கு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம். கச்சிதம்!" என்றார்.

அது வரை சரிதான். 14 அங்குலத்துக்குப் பதில் 15 அங்குலச் சக்கரம் வாங்கினாலும், டயரை 185/60-லிருந்து 195/50-க்கு மாற்றியிருந்தார். டயரோடு சேர்த்து மொத்த உயரம் முன்பு 578 மில்லிமீட்டர், இப்போது 576. இதில் பெரிய வித்தியாசம் இருந்தால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்கார வேண்டும் என்றும் ஒரு கணக்கு உண்டு. தவறினால் வெளியே துருத்திக்கொண்டு மட்கார்டில் உரசும். அதையும் பார்த்திருந்தார்.

பார்க்காமல் விட்டது நடு ஓட்டையை! காரின் ஹப் 54.1 மில்லிமீட்டர், சக்கரத்தின் ஓட்டை 73.1. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று கடைச் சக்கரங்களுக்கு ஓட்டையைப் பெரிதாகவே வைத்துவிடுகிறார்கள். போதாததற்கு, நட்டுகளை வரிசையாக ஒரு பக்கத்திலிருந்து முறுக்கினார். சக்கரம் மயிரிழை விலகி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் மகளுக்குப் பிரசவ வலி என்று செய்தி. நூறு மைல் போக வேண்டும். அம்மாள்தான் ஓட்டினாள். வேகம் 60 மைலை எட்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது.

"சாலை சரியில்லை" என்றார் அவர்.

"நேற்று வரை நன்றாக இருந்த சாலைதானே?" என்றாள் அம்மாள். மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. மெதுவாக வண்டியைத் திருப்பி வீட்டில் விட்டுவிட்டு, ரயிலேறினார்கள். பேத்தி பிறந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர முடிந்தது.

திரும்பி வந்ததும் வேலை முறையாக நடந்தது. ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். இரண்டு அளவுக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும் மெல்லிய வளையம் விற்கிறது, அதைப் பொருத்தினார். பாரத்தைத் தாங்குவது நட்டின் பிடி. சக்கரத்தை நடுவில் நிறுத்துவது வளையம். வண்டி தூக்கியிருக்கும்போதே நட்டுகளைக் கையால் திருகி, எதிரும் புதிருமாக இறுக்கி, பிறகு தரையில் இறக்கி, அளவு காட்டும் ஸ்பானரால் 110 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கினார்.

"ஐம்பது மைல் ஓடியதும் மறுபடி பாருங்கள்" என்றாள் அம்மாள். பார்த்தால், ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது! புதுச் சக்கரம் படிந்து உட்காரும்போது பிடி தளர்வது உண்டு. அப்படியே விட்டிருந்தால் சக்கரமே கழன்றிருக்கலாம். மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

அடுத்த மாதம் அம்மாளுக்குப் பிறந்த நாள். வெள்ளிக் காப்பு ஒன்று வாங்கி வந்தார். மணிக்கட்டில் அது பிசகாமல் பொருந்தியது.

"எப்படி?" என்று வியந்தேன்.

"நான் தூங்கும்போது நூல் வைத்து அளந்திருக்கிறார்!" என்றாள் அம்மாள், சிரித்துக்கொண்டே.