சீருடையைக் கழற்றினால் மட்டும் போதுமா?

2024 மே 13. காஸாவின் ரஃபா பகுதியில், ஐ.நா. அடையாளம் பொறித்த வாகனம் ஒன்று மருத்துவமனைக்குப் போகும் வழியில் தாக்கப்பட்டது. அதில் இருந்த கர்னல் வைபவ் அனில் காலே கொல்லப்பட்டார். இந்திய ராணுவத்திலிருந்து 2022இல் ஓய்வுபெற்றவர், ஐ.நா. பாதுகாப்புத் துறையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முன்னாள் ராணுவ அதிகாரி மரணம் என்பதோடு செய்தி முடிந்துபோனது. அவர் அங்கே என்ன வேலைக்குப் போனார் என்று நாம் பேசவே இல்லை.

2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகே, 2005இல், இந்தத் துறை உருவானது. எந்தச் சாலையில் போகலாம், எப்போது பயணத்தை நிறுத்த வேண்டும், எந்தத் தரப்போடு பேசி வழிவாங்க வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் இங்கே வேலை. அதனால் ராணுவத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதில் மதிப்பு உண்டு.

ஆனால், ராணுவத்தில் கற்றதில் ஒரு பாதியை மறந்தாக வேண்டும். ராணுவம் எதிரி யார் என்று பார்க்கப் பழக்குகிறது. நிவாரணப் பணியில் எல்லாத் தரப்பும் நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பே முதல் கவசம். துப்பாக்கியோடு வருகிறவனிடம் கைக்குழந்தையோடு ஒரு தாய் எப்படி வருவாள்? சேரிக்குள் போலீஸ் வண்டி நுழைந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் மக்கள் நாம். சீருடை எல்லோருக்கும் பாதுகாப்பு அல்ல என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி: யாருடைய உயிருக்குப் பாதுகாப்பு? 2024இல் மட்டும் உலகெங்கும் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்குச் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்கள்: ஓட்டுநர்கள், செவிலியர்கள், மூட்டை இறக்குகிறவர்கள். நிலைமை மோசமானால் வெளிநாட்டு அதிகாரி விமானம் ஏறிவிடலாம். உள்ளூர் ஓட்டுநர் எங்கே போவார்? அவர் வீடே அங்கேதான் இருக்கிறது. ஆபத்தான வேலை கீழே இருப்பவனுக்கு, பாதுகாப்பு மேலே இருப்பவனுக்கு என்ற ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன? பாதுகாப்பு அதிகாரியாகப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, 'என் ஓட்டுநருக்கும் கவச உடை இருக்கிறதா, அவர் குடும்பத்துக்குக் காப்பீடு இருக்கிறதா?' என்பதைத்தான்.

இந்த வேலைக்கு யார் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பட்டம், ஆங்கிலம், தலைமைப் பொறுப்பில் இருந்த அனுபவம் எல்லாம் கேட்கிறார்கள். ஆகவே கதவு பெரும்பாலும் அதிகாரிகளுக்கே திறக்கிறது. நாற்பது வயதுக்கு முன்பின்னாக ஓய்வுபெறும் ஜவானுக்குக் கிடைப்பது வங்கி வாசலில் காவலாளி வேலை. ராணுவத்தில் இட ஒதுக்கீடும் கிடையாது. நம் வீடுகளிலிருந்து போன பிள்ளைகளில் எத்தனை பேர் அதிகாரி ஆனார்கள், எத்தனை பேர் ஜவானாகவே திரும்பினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நிவாரண வரிசையில் யார் கடைசியில் நிறுத்தப்படுவார்கள், யாருக்குக் கிடைக்காமலே போகும் என்பது கீழிருந்து வந்தவருக்குப் பார்த்ததுமே புரியும். அந்த அறிவும் ஒரு தகுதிதான். ஓய்வுபெறும் ஜவான்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சியில் ஆங்கிலத்தையும், சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தையும், நிவாரணப் பணியின் பாதுகாப்பு முறைகளையும் அரசு சேர்க்க வேண்டும். தோளில் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதை உதவி நிறுவனங்களும் நிறுத்த வேண்டும்.