'டோர் லாக்டு' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? தபால் தாமதத்தைவிடப் பெரிய பிரச்சினை இதுதான்!

காலை 10 மணிக்கு 'அவுட் ஃபார் டெலிவரி'. மதியம் 3 மணிக்கு 'டோர் லாக்டு'. இடையில் என்ன நடந்தது?

ஆபீஸில் இருந்தபடி ட்ராக்கிங் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகன் வீட்டுக்கு போன் போடுகிறார். "யாரும் வரலையேடா, நான் ஹால்லதான் உட்கார்ந்திருக்கேன்" என்கிறார் அம்மா. கதவு திறந்திருக்கிறது. காலிங் பெல்லும் வேலை செய்கிறது. ஆனால், அரசுப் பதிவில் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது!

ஸ்பீடு போஸ்ட்டுக்காகக் காத்திருந்த பலருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. 'போஸ்ட்டுன்னா அப்படித்தான், விடுங்க பாஸ்' என்று கடந்துவிடுவதும் வழக்கம். தாமதத்தை மன்னிக்கலாம். மழை, விடுமுறை, ஆள் பற்றாக்குறை என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால், நடக்காததை நடந்ததாகப் பதிவு செய்வதையும், நடந்ததைச் சொல்லாமல் விடுவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. காரணம், அந்த ஒற்றை வரிக்கு விலை கொடுப்பவர் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்தான்.

இப்போ யாருங்க லெட்டர் போடறாங்க?

லெட்டர் குறைந்திருக்கலாம். வாழ்க்கையை நகர்த்தும் காகிதங்கள் குறையவில்லை. பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில்தான் வீட்டுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவுச் சான்றும் 2024 பிப்ரவரி 28 முதல் ஸ்பீடு போஸ்ட்டில்தான் அனுப்பப்படுகின்றன. ஆர்டிஓ அலுவலகம் போய் கையில் வாங்கிவரும் பழைய வழி மூடப்பட்டது. தபால் திரும்பிப் போய்விட்டால், சுயமுகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறையைக் கொடுத்துவிட்டு மறுபடியும் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட நடைமுறை.

அதாவது, 'வேற கூரியர்ல அனுப்புங்க' என்று சொல்லும் வாய்ப்பே இங்கே மக்களுக்குக் கிடையாது. வேறு வழியே இல்லாத சேவைக்குப் பொறுப்பு கூடுதலாக இருக்க வேண்டாமா?

2025-ல் என்ன மாறியது?

நிறையவே மாறியது. சுமார் 5,800 கோடி ரூபாயில் புதிய தொழில்நுட்பத் தளம் உருவாக்கப்பட்டு, 2025 ஆகஸ்ட் 4-ம் தேதியோடு நாடு முழுவதும் சுமார் 1.65 லட்சம் அஞ்சலகங்கள் அதற்கு மாறின. மாறிய முதல் நாள்களில் சர்வர் மந்தம், கவுன்ட்டரில் நீண்ட வரிசை என்று புகார்கள் கிளம்பின. செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் சேவை ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் புதிய கட்டணம் வந்தது. கூடவே 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கொடுத்தால், ஓடிபி சொன்னால் மட்டுமே தபாலைக் கொடுக்கும் வசதியும் வந்தது. எஸ்எம்எஸ் தகவல், உடனுக்குடன் நிலவரம் என்ற வாக்குறுதிகளும் அந்த அறிவிப்பில் உண்டு.

எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால், ஒரு ஓட்டை அப்படியே இருக்கிறது. தபாலைக் கொடுத்ததற்கு ஓடிபி சாட்சி. கொடுக்க முயன்றதற்கு? வந்தார், பெல் அடித்தார், கதவு பூட்டியிருந்தது என்பதற்குப் பெறுநர் கையில் கிடைப்பது ட்ராக்கிங் பக்கத்தில் இரண்டே வார்த்தைகள்.

இரண்டு வார்த்தைக்கு இவ்வளவு பில்டப்பா?

ஆமாம். ஏனென்றால், சட்டம் அந்த வார்த்தைகளை நம்புகிறது. சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி பதிவுத் தபாலில் அனுப்பினால், அது உரியவருக்குச் சேர்ந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்கிறது 1897-ம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவு. செக் பவுன்ஸ் வழக்குகளில், 'வீடு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு திரும்பிய நோட்டீஸையும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இதில் நியாயம் இருக்கிறது. வேண்டுமென்றே தபாலை வாங்காமல் டிமிக்கி கொடுப்பவர்களைத் தடுக்க இப்படியொரு விதி தேவைதான். 'எனக்கு வரவில்லை' என்று மறுத்து நிரூபிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால், வராத ஒருவர் வரவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? செக் பவுன்ஸ் நோட்டீஸ் கிடைத்தால் பணம் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. தவறான ஒரு குறிப்பால் அந்த 15 நாளும் தெரியாமலேயே ஓடிவிடலாம்.

சரி, தப்பு நடந்தா யார் பொறுப்பு?

இங்கேதான் கணக்கு இன்னும் இடிக்கிறது. 1898-ம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக வந்த அஞ்சலகச் சட்டம் 2023, கடந்த 2024 ஜூன் 18-ம் தேதி அமலுக்கு வந்தது. விதிகளில் குறிப்பிட்ட அளவைத் தாண்டி, தன் சேவைகளுக்காக அஞ்சலகம் எந்தப் பொறுப்பும் ஏற்காது என்கிறது அதன் 10-வது பிரிவு. மோசடி செய்தாலோ, வேண்டுமென்றே இழப்பையோ தாமதத்தையோ ஏற்படுத்தினாலோதான் ஊழியர் பொறுப்பு.

ஒரு பக்கம், துறையின் குறிப்பை நீதிமன்றம் நம்பும். மறுபக்கம், அந்தக் குறிப்பு தவறானால் துறைக்குப் பெரிய பொறுப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர், ஹாலில் உட்கார்ந்து காத்திருந்த அந்த அம்மா.

போஸ்ட்மேனைத் திட்டலாமா?

கோபத்தில் முதலில் மாட்டுபவர் அவர்தான். லிஃப்ட் இல்லாத அபார்ட்மென்ட், உள்ளே விடாத செக்யூரிட்டி, ஒரே பெயரில் மூன்று தெருக்கள் என எல்லாவற்றையும் தாண்டித்தான் அவர் வர வேண்டும். ஒரு நாளில் சுற்றி முடிக்க முடியாத அளவு தபால் இருந்தால், 'இன்று வர முடியவில்லை' என்று உண்மையைப் பதிவு செய்ய அவருக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால் மேலிடத்தில் கேள்வி, 'டோர் லாக்டு' என்றால் கேள்வியே இல்லை என்ற நிலை இருந்தால் யாராக இருந்தாலும் எதைத் தேர்வு செய்வார்? திருத்த வேண்டியது அந்த நிலையைத்தான்.

சொல்லத் தெரியாத துறையா இது?

இல்லவே இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் புதிய சுங்க விதிகளால் அங்கு தபால் அனுப்புவது சிக்கலானபோது, ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான தபால் முன்பதிவுகள் நிறுத்தப்படும் என்று அஞ்சல் துறை முன்கூட்டியே அறிவித்தது. என்ன காரணம், எவற்றுக்கு விலக்கு, ஏற்கெனவே அனுப்பியவர்கள் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையெல்லாம் சொன்னது. சேவை அக்டோபர் 15-ல் மீண்டும் தொடங்கியது. அமெரிக்கா போகாத பார்சலுக்குச் சொல்ல முடிந்த விளக்கத்தை, அடுத்த தெரு வரை வராத கவருக்கும் சொல்லலாமே!

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'டோர் லாக்டு' என்று பதிவான அதே நிமிடம் பெறுநருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். அதில் வந்த நேரம், மறுபடி வரும் நாள், டெலிவரி அஞ்சலகத்தின் போன் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். 'யாரும் வரவில்லை' என்று பதில் அனுப்ப ஒரு வழி வேண்டும். அந்தப் பதிலும் ட்ராக்கிங் பதிவில் ஏற வேண்டும். ஓடிபி அனுப்பத் தெரிந்த சிஸ்டத்துக்கு இது முடியாத காரியமா?

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

* தவறான குறிப்பைப் பார்த்தவுடன் தேதி, நேரம் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.
* தாமதிக்காமல் உங்கள் பின்கோடுக்கான டெலிவரி அஞ்சலகத்துக்கு அடையாள அட்டை, 13 இலக்க ட்ராக்கிங் எண்ணுடன் நேரில் செல்லுங்கள். விட்டால் கவர் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.
* 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, அஞ்சல் துறை இணையதளத்திலோ புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர் தளமான சிபிகிராம்ஸ் இருக்கிறது.
* முக்கியமான ஆவணம் என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ மனு போட்டு அன்றைய டெலிவரி பதிவைக் கேட்கலாம்.

கதவு பூட்டியிருந்தால் 'பூட்டியிருந்தது' என்று எழுதட்டும். வர முடியவில்லை என்றால் 'வர முடியவில்லை' என்று எழுதட்டும். மக்கள் இன்னும் ஒரு நாள் காத்திருப்பார்கள். தபாலுக்காகக் காத்திருந்து பழகியவர்கள்தானே!