பொத்தானை அழுத்தினால் விமானம் வளருமா?



திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அண்ணாமலையாரின் பெரிய தேரை வீதி முனையில் திருப்புவது எளிதல்ல. பெருங்கூட்டம் வடம் பிடிக்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். சண்டிகேஸ்வரர் தேரோ சிறியது. சிறுவர்களே இழுத்துத் திருப்பிவிடுவார்கள். நிறை கூடினால் திசையை மாற்ற அதிக விசை தேவை. நியூட்டன் சொன்ன இந்த விதி தேருக்கும் பொருந்தும், போர் விமானத்துக்கும் பொருந்தும்.

இன்று உங்களில் பலர் கைப்பேசியில் போர் விமான விளையாட்டு ஆடுகிறீர்கள். புள்ளிகள் சேர்ந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் வேகம் கூடுகிறது. இன்னொன்றை அழுத்தினால் பீரங்கியும் எரிபொருளும் கூடுகின்றன. பல விளையாட்டுகளில் எதுவும் குறைவதேயில்லை! இங்கேதான் விளையாட்டு நமக்குத் தவறான பாடம் கற்பிக்கிறது என்பது என் கருத்து.

உண்மை விமானம் ஒன்றைப் பார்ப்போம். 'நாட்' என்பது ஆங்கிலத்தில் கொசு போன்ற ஒரு சிறு பூச்சியின் பெயர். அப்பெயர் கொண்ட பிரிட்டிஷ் விமானத்தைப் பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. அதன் இறக்கைகளின் முழு அகலம் 7 மீட்டருக்கும் குறைவு. எரிபொருளும் குண்டுகளும் ஏற்றியபின் எடை சுமார் 3 டன். எஞ்சினின் உந்துவிசை சுமார் 2.1 டன். எதிரியின் சேபர் விமானத்துக்கோ எடை சுமார் 6.9 டன், உந்துவிசை சுமார் 2.7 டன். உந்துவிசையை எடையால் வகுத்துப் பாருங்கள். நாட்டுக்கு 0.7; சேபருக்கு 0.4. சிறியதன் வலிமை புரிகிறதல்லவா? 1965, 1971 போர்களில் அது 'சேபர் கொல்லி' என்று பெயர் பெற்றது.

ஆனால் அந்தச் சிறுமையே அதன் குறையுமாயிற்று. உள்ளே எரிபொருளுக்கு இடம் போதவில்லை. இறக்கையின் கீழ் எண்ணெய்த் தொட்டிகளைத் தொங்கவிட்டால் வெடிகுண்டுக்கு இடமில்லை. துப்பாக்கிகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால்பகுதிக் கட்டுப்பாடும் தொல்லை கொடுத்தது.

இவற்றைச் சரிசெய்ய நம் பொறியாளர்கள் உருவாக்கியதே 'அஜீத்'. இறக்கைக்குள்ளேயே எரிபொருளை நிரப்பினார்கள். கீழே ஆயுதங்களுக்கு இடம் கிடைத்தது. வால்பகுதியையும் திருத்தினார்கள். 1975ஆம் ஆண்டில் அது முதன்முதலாகப் பறந்தது. ஆனால் வெற்று எடை 100 கிலோவுக்கு மேல் கூடியது. எஞ்சினோ அதே ஆர்ஃபியஸ் வகைதான். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1991இல் அஜீத்தும் ஓய்வு பெற்றது.

விளையாட்டு காட்டாத இன்னொன்றும் உண்டு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தை 6 சேபர்கள் தாக்கின. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து நிர்மல் ஜித் சிங் செகோன் நாட் விமானத்தில் கிளம்பினார். தனித்து நின்று போரிட்டு உயிர் நீத்தார். அவருக்குப் பரம் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. விளையாட்டில் விமானம் விழுந்தால் மறுபடி தொடங்கலாம். அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளையாடுங்கள். ஆனால் அடுத்த முறை அந்தப் பொத்தானை அழுத்துமுன் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்திகள் வரையுங்கள். ஒன்றில் 'பெற்றது' என்றும் மற்றொன்றில் 'இழந்தது' என்றும் எழுதுங்கள். இரண்டாம் பத்தி காலியாக இருந்தால், நீங்கள் இன்னும் விமானத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். அந்தப் பத்தியை நிரப்பத் தெரிந்தவரே பொறியாளர். நீங்கள் அப்படி ஒருவராக வேண்டாமா?